இபிஸாவுக்கு நாலாவது ஆள்

"உங்க வயசுக்கு அதெல்லாம் சரிப்பட்டு வராது ஆன்டி" என்று பயண ஏஜென்சிக்காரன் வாயை விட்டிருக்காவிட்டால், குமுதா பாட்டுக்கு சுவிட்சர்லாந்து மலையையும் நாலு பழைய தேவாலயங்களையும் பார்த்துவிட்டுக் கழுத்தில் தலையணையோடு திரும்பி வந்திருப்பாள். அவன் வாயை விட்டான். போன வாரம் நடந்த அந்த அமர்க்களத்தைப் படித்தவர்களுக்கு மறந்திருக்காது. படிக்காதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் ஞாயிறுதோறும் ஸும்பா ஆடுகிற நாலு பெண்கள், கூட்டாக ஒரு விடுமுறை போவதென்று கிளம்பினார்கள். ஏஜென்சிச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி, "இது எங்க?" என்று குமுதா கேட்டாள். ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த இபிஸா என்ற தீவு. நீலக் கடல், விடிய விடிய ஆட்டம், ஆளுயரத்துக்குச் சோப்பு நுரையை நிரப்பிவிட்டு அதற்குள் குதிக்கிற கொண்டாட்டம். ஏஜென்சிக்காரன் பதறிப்போய் வயசைப் பேசினான். அந்த நிமிஷமே, போனால் அந்தத் தீவுக்குத்தான் என்றாகிவிட்டது.

குமுதாவுக்கு ஐம்பத்திரண்டு வயசு. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் பொருத்தம். அப்பா போன பிறகு தம்பி விமலனைப் படிக்கவைத்தாள், அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தாள், அவன் மகனைப் பினாங்குக் கல்லூரி வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். வேலை போர்ட் கிள்ளானில், கப்பல் சரக்கைக் கையாளும் ஓர் அலுவலகத்தில். பார்சிலோனா, வலென்சியா என்று எங்கெங்கிருந்தோ வந்து இறங்குகிற கன்டெய்னர்களுக்குக் காகிதம் பார்ப்பவள் அவள்தான். அந்தப் பெட்டிகள் பார்த்துவிட்டு வந்த கடலை அவள் பார்த்ததில்லை.

வெளிநாடே போனதில்லையா என்றால், போயிருக்கிறாள். தம்பி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க சென்னைக்குப் போனாள். அவன் பிள்ளைக்குக் காது குத்தப் பழனிக்குப் போனாள். யாருக்காகவும் இல்லாமல், தனக்கே தனக்கென்று ஒரு தடவை போய்வர வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதற்குத்தான் வீட்டில் ஒரு வாரமாக விமலன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆடி வியர்த்துவிட்டு நாலு பேரும் வழக்கமான தோசைக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாஸ், நாலு தோசை, நாலு தே தாரிக். ஒண்ணுல சீனி கொறச்சல்" என்றாள் பிரேமினி. ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்தான். நாலு பேரில் அவள் ஒருத்திதான் முப்பதுக்குக் கீழே. கைப்பேசியை மேசை நடுவில் வைத்தாள். "வெள்ளிக்கிழமை ஃப்ளைட். டிக்கெட்ட ஏஜென்சிக்காரன் புடிச்சு வச்சிருக்கான். இன்னிக்கு ராத்திரிக்குள்ள நாலு பேரு பேரையும் கன்ஃபர்ம் பண்ணணும். நாலுக்கு ஒண்ணு கொறஞ்சாலும் குரூப் கிடையாதுலா. எல்லாருக்கும் கேன்சல்."

"அப்ப ஒருத்தரும் சாகக்கூடாது" என்றாள் குமுதா.

"ஓம், வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒருத்தரும் சாகவேண்டாம்" என்று ஆமோதித்தாள் பூமணி. பிரேமினியின் பெரியம்மா. யாழ்ப்பாணத்து வம்சம். பெண்கள் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், ஆனால் குரல் ஓய்வு பெறவில்லை. "பிரேமினி, அந்த நுரை விளையாட்டுக்கு என்ன உடுப்பு? சீலையோட இறங்கினா நான் பாய்மரக் கப்பல் மாதிரியெல்லோ மிதப்பன்!"

"பெரியம்மா, ஷார்ட்ஸ் வாங்கிட்டேன் உங்களுக்கு."

"உன்ர பெரியப்பாவுக்குத் தெரியுமோ?"

"அவருக்கும் ஒண்ணு கேட்டாரு."

இராஜம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடை வைத்திருப்பவள். அவளுக்கு ஆட்டம், நுரை எதிலும் பயமில்லை. சாப்பாட்டில்தான் பயம். "அங்க சோறு கிடைக்குமா? நான் நெத்திலி போட்டு சம்பல் ஈக்கான் பிலிஸ் செஞ்சு எடுத்துக்கறேன். மேகியும் கொஞ்சம் எடுத்துக்குவோம்."

"எடுத்துக்குங்க. ஆனா டி-ஷர்ட் பத்தி முதல்ல பேசணும்" என்றாள் குமுதா.

மலேசியாவில் நாலு தமிழர்கள் சேர்ந்து நாலு மைல் தாண்டுகிறதென்றால்கூட ஒரே நிறத்தில் டி-ஷர்ட் அடிக்காமல் கிளம்பமாட்டார்கள். நிறம் ஊதா என்று சண்டையில்லாமல் முடிந்தது. முதுகில் என்ன எழுதுவது என்பதில்தான் இழுபறி. கடைசியில் குமுதா சொன்னாள்: "எங்க வயசுக்கு இதுதான். அப்படின்னு பெருசா போடு."

பூமணி மேசையைத் தட்டினாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வீட்டுல தம்பி என்ன சொல்றாரு?" இராஜம்மா மெதுவாகக் கேட்டாள். அவளுக்கும் வீட்டில் தனேஷ் என்றொரு மகன் இருக்கிறான். அம்மா எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று சட்டம் போடுகிற ரகம்.

"ஒரு வாரமா பேசவே இல்ல. நேத்திலேர்ந்து ரொம்ப நல்லா பேசறான். காலையில டேஷனுக்குக் காரு எடுத்துக்கிட்டு வந்து விட்டான்."

"நல்லாக் கதைக்கிறானோ?" பூமணி தோசையைக் கீழே வைத்தாள். "அப்ப கவனமா இரு பிள்ளை. நான் பள்ளிக்கூடத்தில கூச்சல் போடுற வகுப்புக்கு ஓடுறதில்லை. சத்தமே வராத வகுப்புக்குத்தான் ஓடுறனான்."

குமுதா சிரித்துவிட்டு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பி மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், அவன் கொஞ்சம் சிரித்துப் பேசினால் அவள் மனசு இறங்கிவிடும். அவளிடம் இருந்த பெரிய கோளாறே அதுதான். விமலனுக்கு அது பால்குடி வயசிலிருந்தே தெரியும்.

கிள்ளான் வீட்டுக்குத் திரும்பியபோது அவள் கட்டிலில் ஒரு புது மஞ்சள் சேலை மடித்து வைத்திருந்தது. விமலனின் மனைவி தாமரை, கூடத்தில் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். வாய் அதிகம் பேசாது, கை மட்டும் ஓயாது.

"யாருதும்மா இந்தச் சேலை?"

"உங்களுக்குத்தான் அண்ணி. அவரு வாங்கினாரு." தாமரை நிமிரவில்லை.

விமலன் உள்ளேயிருந்து வந்தான். நாற்பத்தேழு வயசு, அவர்கள் குடியிருப்பான கம்பத்து மாரியம்மன் கோயில் கமிட்டிச் செயலாளர். நெற்றி நிறையத் திருநீறு, முகம் நிறையச் சிரிப்பு. "அக்கா, நான் யோசிச்சுப் பார்த்தேன். நீ ஸ்பெயினுக்குப் போ. நான் தடுக்கல. ஆனா இன்னிக்குத் தீமிதித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டறாங்க. சாயங்காலம் வந்து ஆத்தாவைக் கும்பிட்டுட்டுப் போ. அவ்வளவுதான் கேக்கறேன்."

குமுதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாரத்துச் சண்டையும் ஒரு நொடியில் கரைந்தது. "இதுக்கு நீ கேக்கணுமாடா? நான் வராம இருப்பேனா?"

அவன் குளிக்கப் போனதும் தாமரை இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்தாள். "அண்ணி… தலை வலிக்குதுன்னு சொல்லிட்டு இன்னிக்கு வீட்டுலயே படுத்துக்கறீங்களா?"

"எனக்கு ஏம்மா தலை வலிக்கணும்?"

தாமரை வாயைத் திறந்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. வாயை மூடிக்கொண்டு இஸ்திரி மேசைக்கே போய்விட்டாள்.

கோயிலில் கூட்டம் நெரிந்தது. பம்பையும் உடுக்கையும் கூரையைத் தூக்கின. தீ மிதிக்கிறவர்களும் கரகம் எடுக்கிறவர்களும் வரிசையாக நிற்க, பூசாரி சபாபதி மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை ஒவ்வொரு கையிலும் கட்டிக்கொண்டு வந்தார். காப்பு ஏறிவிட்டால் விளையாட்டில்லை. தீமிதி முடிகிறவரை கவிச்சி கூடாது, ராத்திரி கோயிலிலேயே படுக்கை, கிள்ளான் எல்லையைத் தாண்டக்கூடாது. தீமிதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

குமுதா பெண்கள் பக்கம் ஓரமாக நின்று கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் தம்பியின் குரல் கேட்டது.

"இந்த வருஷம் பூங்கரகம் எடுக்கப்போறவங்க, எங்க அக்கா குமுதா! குடும்பத்துக்காகவே வாழ்ந்தவங்க. அவங்க நல்லா இருக்கணும்னு தம்பி நான் ஆத்தாகிட்ட நேர்ந்துக்கிட்டேன். அக்கா, முன்னால வாங்க!"

பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ அவள் முதுகில் கைவைத்து முன்னே தள்ளினார்கள். பூசாரி கயிற்றோடு எதிரே நின்றார். "கையை நீட்டும்மா."

மஞ்சள் சேலை எதற்கு, காலையில் ரயிலடிக்குக் கார் எதற்கு, தாமரை சொன்ன தலைவலி எதற்கு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிற்று. வெள்ளிக்கிழமை விமானம். கையை நீட்டினால் அது போச்சு. அவளோடு பூமணிக்கும் இராஜம்மாவுக்கும் பிரேமினிக்கும் போச்சு. காப்பைக் கட்டிக்கொண்டு பிறகு ஏமாற்றுகிற ஜாதி இல்லை குமுதா. கட்டினால் கட்டியதுதான். விமலன் அதையும் கணக்குப் போட்டுத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறான்.

அவன் வீட்டில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். ஆத்தாவைக் காட்டி மடக்குகிறானே! அதுவும் 'வாழ்ந்தவங்க' என்று, செத்தவளைப் பற்றிப் பேசுகிற மாதிரி!

குமுதா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"யாரு நேர்ந்துக்கிட்டது?" என்று கேட்டாள். விமலன் மைக்கை அவள் பக்கமே நீட்டிக்கொண்டிருந்ததால் கம்பம் முழுக்கக் கேட்டது.

"நான்தான் அக்கா."

"எங்கிட்ட கேட்டியா?"

"சாமி காரியத்துக்கு எதுக்குக் கேக்கணும்?" விமலன் சிரித்தான். கூட்டத்தில் பாதியும் சிரித்தது.

"உனக்குக் காரு ஆக்சிடென்ட் ஆனப்ப நான் நேர்ந்துக்கிட்டேன். பால்குடம் யாரு எடுத்தா? உன் தலையிலயா தூக்கி வச்சேன்? நான்தானேடா எடுத்தேன். உன் பையன் பரீட்சைக்கு நேர்ந்துக்கிட்டேன். மொட்டை யாரு போட்டா? நான் போட்டேன். மூணு மாசம் தொப்பி போட்டுக்கிட்டு ஆபீஸுக்குப் போனேன். இதே ஆத்தாகிட்ட உங்க எல்லாருக்காகவும் எத்தனை நேர்ந்திருப்பேன்! ஒண்ணையாவது இன்னொருத்தர் தலையில கட்டியிருக்கேனா?"

பம்பைக்காரர்கூடக் கையை நிறுத்திக்கொண்டார்.

"அக்கா, சாமி முன்னால வேணாம்…" விமலன் மைக்கை இறக்கினான்.

"சாமி முன்னாலதான் பேசணும். எனக்காக நேர்ந்துக்கிட்டது நீ. ரொம்ப சந்தோஷம். நேர்ந்தவன் நீதானே, கையையும் நீயே நீட்டு. கரகத்தை நீ எடு."

"அதான் நியாயம்" என்றாள் கூட்டத்தில் பவுனம்மாள் என்ற பெரிய அம்மாள். இருபது தடவை தீ மிதித்தவள். அவள் சொன்னால் கோயிலில் எதிர்ப்பேச்சு கிடையாது. "ஒருத்தரு வேண்டுதலை இன்னொருத்தரு கழிச்சா ஆத்தா ஏத்துக்குவாளா? நீ நீட்டு தம்பி."

பூசாரி திரும்பி விமலனைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. கமிட்டிச் செயலாளர் ஆத்தாளுக்கு முன்னால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியுமா? அடுத்த வருஷம் தலைவர் பதவிக்கு நிற்பதாக வேறு யோசனை. சிரிப்பு போன முகத்தோடு கையை நீட்டினான். கயிறு ஏறியது. குலவை மறுபடி எழுந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து அவன் கூட்டாளி கமலநாதன், அசந்துபோய், உரக்கக் கேட்டுவிட்டான். "டேய் விமலா, அப்ப புதன்கிழமை ஹாட்யாய்? நம்ம வேன் சொல்லியாச்சேடா!"

தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஹாட்யாய்க்கு, ஆண்கள் மட்டும் வேன் பிடித்துப் போவது கோயில் கும்பிட இல்லை என்று கிள்ளானில் எல்லோருக்கும் தெரியும். தாமரைக்கும் தெரியும்.

"புதன்கிழமை ஈப்போவுல கம்பெனி கோர்ஸுன்னு சொன்னீங்க" என்றாள் தாமரை. சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். விமலன் கயிறு கட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

குமுதாவும் தாமரையுமாக இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். விமலன் கோயிலில் தங்க வேண்டியவனாகிவிட்டான். குமுதா சாமி விளக்கை ஏற்றிவிட்டு, அதன் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். வாய் வீறாப்பாகப் பேசிவிட்டதே ஒழிய, உள்ளுக்குள் நடுக்கம் இருந்தது. ஆத்தா தப்பாக எடுத்துக்கொள்வாளோ? உன் கயிற்றை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவன் கயிற்றைத்தான் வேண்டாம் என்றேன், அது உனக்குத் தெரியாதா என்று மனசுக்குள் கேட்டாள். படத்திலிருந்த ஆத்தா எப்போதும் போலத்தான் இருந்தாள். குமுதாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

கைப்பேசி அடித்தது. இராஜம்மா. எடுத்த உடனே அழுகை.

"குமுதாக்கா, நான் வரல. என்னைய மன்னிச்சிருங்க."

"என்ன ஆச்சு?"

"கோயில்ல நீங்க பேசினத யாரோ வீடியோ எடுத்து வாட்சப்புல விட்டுட்டாங்க. தனேஷ் பார்த்துட்டான். ஆத்தா காப்பையே மறுத்த பொம்பளையோட போயி, பிளேனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்ணுவேன்னு குதிக்கிறான். எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்லக்கா. நீங்க கேட்டது நியாயம். ஆனா எனக்கு அவன்கிட்ட நின்னு பேசத் தெரியல."

குமுதா அவளைத் திட்டவில்லை. போன வாரம் வரை தனக்கும்தானே தெரியாது? "அழாத. சம்பல் செஞ்சிட்டியா? செஞ்சிருந்தா குடுத்து விடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் அடி விழுந்தது. மூன்று பேர். நாலுக்கு ஒன்று குறைந்தாலும் கேன்சல். அத்தனை பேர் முன்னால் வாயாடி ஜெயித்து என்ன பிரயோஜனம்? அந்த வாயே ஆளைக் கழற்றிவிட்டது. பிரேமினியைக் கூப்பிட்டுச் சொன்னாள். பிரேமினி, "அய்யோ ஆன்டி, ஏஜென்சிக்காரன் இன்னும் கொஞ்ச நேரத்துல லிஸ்ட்ட மூடிருவான். யாராச்சும்? யாரா இருந்தாலும் சரி" என்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து பூமணி, "என்ர மனுசனைச் சேர்க்கட்டோ?" என்று கத்தினாள். பெண்கள் மட்டும் போகிற குழு, ஆகாது.

குமுதா ஆபீஸ் தோழிகளுக்கு அடித்துப் பார்த்தாள். ஒருத்திக்கு லீவு இல்லை. ஒருத்தி எடுக்கவே இல்லை. ஒருத்தி வீடியோ பார்த்துவிட்டு, "சூப்பர் குமுதா" என்று புகழ்ந்துவிட்டு, வரமுடியாது என்றாள்.

தாமரை சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நாலாவது பேரு நானு."

குமுதா நிமிர்ந்தாள்.

"தாமரைன்னு சொல்லுங்க பிரேமினிகிட்ட. நான் வரேன்."

"அவன் மேல கோவத்துல சொல்றியா?"

"கோவந்தான். கோவம் வரக்கூடாதா எனக்கு?" தாமரை முந்தானையால் கையைத் துடைத்தாள். "மத்தியானமே உங்ககிட்ட சொல்ல வாயெடுத்தேன். அவரு தண்ணிய நிறுத்தினதும் பயந்துக்கிட்டு மூடிட்டேன். அவருக்காகப் பொய் சொன்ன மாதிரி ஆச்சு. அவரு எனக்குச் சொன்னது ஈப்போ. நான் இனிமே எதுக்கு அண்ணி பயப்படணும்?"

இப்படி ஒருத்தி முன்வந்தால் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டாமா? குமுதா கைப்பேசியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். உள்ளதைச் சொல்லிவிடுவோமே, அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. இந்த வீட்டை விட்டு, இந்த வீட்டு மனுஷர்களை விட்டு எங்கேயாவது போய் நிற்கத்தானே அந்தத் தீவு? அங்கேயும் தாமரை வந்து, 'அண்ணி சாப்டீங்களா, அண்ணி பார்த்து நடங்க' என்று நின்றால், வீட்டையே மடித்துப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போன மாதிரி ஆகாதா? வெட்கம் கெட்ட நினைப்புதான். ஆனால் வந்துவிட்டதே.

தாமரை அந்தத் தயக்கத்தைப் பார்த்துவிட்டாள். "வேணாம்னா சொல்லிருங்க அண்ணி. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றாள். சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

அதைக் கண்டதும் குமுதாவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில், எதையும் தனக்கென்று கேட்காமல் இருந்தவள் தான் ஒருத்திதானா என்ன? அடுத்த ஆளும் எதிரேதான் நிற்கிறாள்.

"வா" என்றாள். "ஆனா ஒரு கண்டிஷன். அங்க போயி என்னை அண்ணின்னு கூப்பிடக்கூடாது. பிளேன் ஏறினா நான் யாருக்கும் அக்கா இல்ல, அண்ணி இல்ல, அத்தை இல்ல. என் பேரு குமுதா."

"பேரு சொல்லியா? அய்யய்யோ, எப்படி அண்ணி?"

"இப்படித்தான் கூப்பிடுவேன்னா இங்கயே இரு."

தாமரை முயன்று பார்த்தாள். 'கு' என்று ஆரம்பித்துச் சிரித்துவிட்டாள். மறுபடி ஆரம்பித்து மறுபடி சிரித்தாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்கள்.

பிரேமினிக்குப் பெயர் போயிற்று. உடனே பதில் குரல் வந்தது. "யெஸ்! நாலு பேரு ஆச்சு! தாமரைக்கா பேரு லிஸ்ட்டுல ஏறிருச்சு. பாஸ்போர்ட்ட ஒரு படம் எடுத்து நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்புங்க."

தாமரை அலமாரியைத் திறந்தாள். நகைப் பெட்டி, பையனின் பிறப்புச் சான்றிதழ், பழைய கேஸ் ரசீது எல்லாம் இருந்தன. பாஸ்போர்ட் இல்லை. மெத்தைக்கு அடியில் பார்த்தாள். தையல் மெஷின் டிராயரில் பார்த்தாள். முகம் வெளுத்துப்போய் வந்து நின்றாள். "போன வருஷம் கமிட்டி யாத்திரைக்கு எல்லார் பாஸ்போர்ட்டையும் அவருதான் வாங்கி வச்சாரு. திருப்பிக் குடுத்தாரா? ஞாபகமே இல்ல."

குமுதாவின் கைப்பேசி மறுபடி அடித்தது. விமலன். தாமரை அதைப் பார்த்தாள். குமுதா எடுப்பதற்குள் தானே எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அக்கா!" பின்னால் கோயில் மணியும் பேச்சுச் சத்தமும் கேட்டன. "உன்கிட்ட பேசணும்."

"குமுதா இப்ப பிஸியா இருக்காங்க" என்றாள் தாமரை. தடங்கலே இல்லாமல் வந்தது. "பெட்டி கட்டிக்கிட்டு இருக்காங்க. என்ன விஷயம்?"

பெண்டாட்டி வாயில் அக்காவின் பேரை அவன் இதுவரை கேட்டதில்லை.

"நீயும் போறியாமே. உங்க ஸும்பா குரூப்புல போட்டது சுத்திச் சுத்தி எனக்கும் வந்துருச்சு. எதை வச்சு போவ? உன் பாஸ்போர்ட் கோயில் ஆபீஸ் அலமாரியில இருக்கு. சாவி என் இடுப்புல இருக்கு. நான் கோயிலை விட்டு வரமுடியாது. அதான் உங்களுக்கே தெரியுமே."

குமுதா கைப்பேசியைப் பிடுங்கப் போனாள். தாமரை விடவில்லை. கைப்பேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வரவேணாம்" என்றாள். "காலைல அபிஷேகத்துக்கு ஊரே வரும்ல, அப்ப நான் வரேன். குமுதாவும் வருவாங்க. எல்லாரும் இருக்கிறப்ப சாவிய எங்கிட்ட குடுங்க. குடுக்க மாட்டேன்னா, அதையும் மைக்குலயே சொல்லிருங்க."